குருதித் துளியும் குற்றக் கூண்டும்

கீரிமலையை அண்டிய ஊரொன்றில், சில மாதங்களின் முன், மதுவொழிப்புக் கூட்டமொன்று நடைபெற்றது. ஆசிரியர்கள் என்ற முறையில் நாமும் அழைக்கப்பட்டிருந்தோம். குத்துவிளக்கு ஏற்றப்பட்டது, வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை என்பன ஒழுங்காக நடந்தேறின. இறுதியிற் பேச எழுந்தார் ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் ஒருவர். படித்தவர், உலக நடப்பு அறிந்தவர். "இனி எவரையும் வாய்விட்டுக் கேட்கத் தேவையில்லை. விரல் நுனியில் ஒரு குத்து; காகிதத்தில் ஒரு பொட்டு; அவ்வளவுதான். இரண்டு மூன்று கிழமைக்கு முன் குடித்தவனைக்கூட ஆய்வுகூடம் காட்டிக்கொடுத்துவிடும். அரசாங்க உதவிப் பணம் எடுக்கிற குடும்பங்களிலிருந்து தொடங்குவோம். பிறகு சீவற்தொழில் செய்கிறவர்கள், கூலிவேலைக்குப் போகிறவர்கள். குருதியிற் குடி தெரிந்தால் உதவிப் பணத்தை நிறுத்துவோம்" என்றார். மண்டபம் கைதட்டியது.

நாம் கைதட்டவில்லை. ஏன் தட்டவில்லை என்று அன்றிரவே நண்பர்கள் சிலர் கேட்டனர். அவர்களுக்குச் சொன்ன மறுமொழியைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறோம்.

நாம் குடிக்கு வக்காலத்து வாங்க வந்தவர்களல்லர். விஞ்ஞானத்தைக் கண்டு மிரள்பவர்களுமல்லர். அந்தக் காகிதப் பொட்டு நல்லதொரு கருவி என்பதே எமது எண்ணம். நல்ல கருவியாய் இருப்பதனாலேயே, அது யார் கையில் இருக்க வேண்டும், யாருடைய விரலைத் தேடிச் செல்ல வேண்டும் என்று கேட்கிறோம்.

முதலிற் கருவியை அறிந்துகொள்வோம். மது அருந்தியவனின் மூச்சிலும் குருதியிலும் உள்ள மதுசாரம் சில மணி நேரத்தில் மறைந்துவிடும். வீதியிற் பொலிசார் ஊதச் சொல்வது அந்தச் சில மணி நேரத்துக்கே உதவும். ஆயின் மதுசாரம் உடலில் ஒரு தடத்தை விட்டுச் செல்கிறது. கலங்களின் மென்சவ்விலுள்ள கொழுப்புப் பொருளொன்றின்மேல், ஒரு நொதியத்தின் உதவியால், மதுசாரம் சென்று பிணைகின்றது. அப்போது பிறக்கும் புதுப்பொருளின் பெயர் பொஸ்பற்றிடைல் எதனோல். சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 1983இல் மதுசாரம் ஊட்டப்பட்ட எலிகளின் உறுப்புகளில் இதனைக் கண்டறிந்து எழுதினர். மதுசாரம் இல்லையேல் இப்பொருள் இல்லை என்பதே இதன் சிறப்பு. செங்குழியங்களிற் படிந்திருக்கும் இது மெல்ல மெல்லவே குறைகிறது; பாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழ நான்கு முதற் பத்து நாட்கள் செல்லும். எனவே இரண்டு முதல் நான்கு கிழமை வரையான குடியின் கதை குருதியில் எழுதப்பட்டிருக்கிறது எனலாம்.

முன்னைய சோதனைகள் இவ்வளவு நேர்மையானவையல்ல. ஈரலிற் பிறக்கும் நொதியம் ஒன்றின் அளவு கூடியிருந்தால் குடிகாரன் என்றார்கள். குடியாத ஈரல் நோயாளிக்கும் அது கூடும். செங்குழியம் பருத்திருந்தால் குடிகாரன் என்றார்கள். இலைக்கறியும் இறைச்சியும் காணாத ஏழையின் உணவுக்குறைபாட்டாலும் செங்குழியம் பருக்கும். பட்டினி கிடந்தவனைக் குடிகாரன் என்று சொல்லக்கூடிய சோதனைகள் அவை. புதிய சோதனை அந்தத் தவறைச் செய்வதில்லை.

இனிக் காகிதப் பொட்டுக்கு வருவோம். அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரொபேட் கத்ரி, 1963இல், பிறந்த குழந்தையின் குதிக்காலிற் குத்தி எடுத்த குருதியை வடிதாளில் உலரவைத்து, மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் பிறவி நோயொன்றைக் கண்டறியும் வழியை வெளியிட்டார். இன்று உலகெங்கும் கோடிக்கணக்கான குழந்தைகளுக்கு அந்த வடிதாள் வாழ்வளித்து வருகிறது. நம் நாட்டிலும் பிறவியிலேயே தைரொயிட் சுரப்புக் குறைந்த குழந்தைகளைக் கண்டறிய இதே முறை பயன்படுகிறது. ஊசியும் குழாயும் குளிர்ப்பெட்டியும் இல்லாத ஊரிலும் ஒரு தாதி இதனைச் செய்யலாம். சில மணி நேரம் காயவிட்டு, ஈரம் உறிஞ்சும் சிறு பொதியுடன் உறையிலிட்டுத் தபாலில் அனுப்பலாம். குருதி உலர்ந்தபின் அதில் மதுத்தடம் புதிதாகப் பிறப்பதுமில்லை. ஆய்வுகூடம் அப்பொட்டில் ஒரு சிறு வட்டத்தை வெட்டியெடுத்து, கரைத்து, திணிவு நிறமாலைமானியில் அளக்கிறது. 2022இல் சுவிற்சலாந்தின் பாசல் நகரத்து இணக்கப்பாட்டின்படி, ஒரு மில்லிலீற்றர் குருதியில் 20 நானோகிராமுக்குக் குறைந்தால் குடியாமை அல்லது மிகக் குறைந்த குடி. 200 அல்லது அதற்கு மேற்பட்டால் மிகுந்த குடி.

கருவி இது. இதைப் பழிக்க எமக்கு மனமில்லை. ஏனெனில் வாய்மொழிக் கணக்கு எவ்வளவு பொய்யானது என்பதை வகுப்பறையிலேயே நாம் கண்டிருக்கிறோம்.

ஒரு முறை மாணவரின் குடும்ப நிலையறியும் படிவமொன்று எம்மிடம் தரப்பட்டது. "தந்தை மது அருந்துபவரா?" என்பது அதில் ஒரு வினா. முப்பத்தாறு பிள்ளைகள். முப்பத்தாறு "இல்லை". எம் முன்வாங்கிலிருந்த ஒரு பையனும் "இல்லை" என்றே எழுதியிருந்தான். அதற்கு முந்திய கிழமை அவன் மூன்று நாள் பாடசாலைக்கு வரவில்லை. தகப்பன் இரவில் வீட்டுச் சாமான்களை முற்றத்தில் எறிந்தபோது அவனுடைய புத்தகப் பையும் கிணற்றடிச் சேற்றுக்குள் போய்விட்டதாம். அதை அவன் சொல்லவில்லை, அவன் தங்கை சொன்னாள். அந்தப் படிவத்தை நாம் கையொப்பமிட்டு மேலே அனுப்பினோம். மேலேயிருந்தவர்கள் கூட்டிக் கழித்து, இந்த வகுப்பிற் குடிப் பிரச்சினை இல்லை என்று எழுதிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பொய்யில் எமது கையொப்பமும் உண்டு.

அச்சமில்லாத இடத்தில் அதே பிள்ளைகள் வாய்திறப்பார்கள். வடகிழக்கைச் சேர்ந்த தமிழ்ப் பள்ளிச் சிறார் 296 பேரை நேர்கண்டு செய்யப்பட்ட ஆய்வொன்று 2008இல் வெளியாயிற்று. போர், கடற்கோள், வீட்டு வன்முறை ஆகிய மூன்றும் பிள்ளையின் மனத்தை வருத்துவதை அது காட்டியது. தகப்பனின் குடி வீட்டு வன்முறையோடு பிணைந்து நிற்பதையும் காட்டியது. உகண்டாவின் ம்பரரா நகரில் எச்.ஐ.வி. நோயாளரிடையே நடந்த ஆய்வுகளில், குடிப்பதில்லை என்று சொன்னோரிற் சிலரின் குருதி வேறு கதை சொன்னது. இதிலிருந்து நோயாளி பொய்யன் என்று முடிவுகட்டுவது எளிது. குடிப்பதாக ஒப்புக்கொண்டால் மருந்து கிடைக்காமற் போகுமோ என்று அஞ்சுபவன் வேறென்ன சொல்வான்? வாயைப் பொய் சொல்ல வைப்பது அச்சம். அச்சத்தை அப்படியே வைத்துக்கொண்டு, வாயை விட்டு விரலைப் பிடிப்போம் என்கிறார் நம் உத்தியோகத்தர். இங்கேதான் அவருக்கும் எமக்கும் வழக்கு.

யாருடைய விரல்? அவருடைய பட்டியலை மறுபடி படியுங்கள். உதவிப் பணம் பெறுபவர், சீவற்தொழிலாளர், கூலியாட்கள். மேடையில் அமர்ந்திருந்தவர்களின் விரல்கள் அதில் இல்லை. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து, கடற்கரை விடுதியில் மாலைதோறும் உயர்ரக விஸ்கி உடைப்பவர்களின் விரல்கள் இல்லை. மதுச்சாலை அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவரின் விரல் இல்லை. இரசாயனத்துக்குச் சாதி தெரியாது. தவறணைக் கள்ளு வேறு, கண்ணாடிக் கிண்ணத்து விஸ்கி வேறு என்று அது பிரித்தறிவதில்லை. இரண்டும் ஒரே தடத்தையே விட்டுச் செல்கின்றன. கருவியிடம் இல்லாத சாதியை, எந்த விரலைக் குத்துவது என்று தேர்ந்தெடுக்கும் கை கொண்டுவந்து சேர்க்கிறது.

இந்த மண்ணில் இதற்கொரு வரலாறு உண்டு. கீரிமலைக்குக் கூப்பிடு தூரத்தில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் இருக்கிறது. 1968இல் அந்தக் கோயில் வாசலில், உள்ளே சென்று வழிபடும் உரிமை கேட்டு நம் மக்கள் நின்றார்கள். கதவடைத்துத் தடுத்தவர்களும் நம்மவர்களே. அன்று தடுக்கப்பட்டோரில், பனையேறிப் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர். பகலிற் கோயில் வாசலில் அவர்களைத் தடுத்தவர்களின் வீட்டுக்கு மாலையில் அவர்கள் இறக்கிய கள்ளு கொல்லைப்புறத்தால் போய்ச் சேர்ந்த கதையை எமது மூத்தோர் சொல்லிக் கேட்டிருக்கிறோம். குடிப்பவன் பெரிய மனிதன். இறக்கிக் கொடுத்தவன் ஈனன்! அந்தப் பழைய நியாயம் இப்போது வெள்ளைக் கையுறை அணிந்து வடிதாளோடு வருகிறது.

பெண்களின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். 1979ஆம் ஆண்டின் மதுவரி அறிவித்தல் பெண்களுக்கு மது விற்பதைத் தடைசெய்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் அதை நீக்கினார். சில நாட்களிலேயே சனாதிபதி அந்த நீக்கத்தை இரத்துச்செய்வித்தார். குடிப்பது நல்லதா கெட்டதா என்பதன்று அங்கே எழுந்த கேள்வி. பெண் குடிக்கலாமா என்பதே. இத்தகைய சமுதாயத்தில் ஒரு பெண்ணின் விரலிலிருந்து எடுத்த பொட்டு வைத்தியரின் மேசையோடு நின்றுவிடும் என்று எவரால் உறுதி கூற முடியும்?

"குற்றமற்றவன் ஏன் அஞ்ச வேண்டும்?" என்று உத்தியோகத்தர் கேட்பார். கருவி சொல்வதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதனாலேயே அஞ்ச வேண்டும். ஒரே அளவு குடித்த இருவரின் குருதியில் ஒரே எண் வருவதில்லை. ஆளுக்காள் அது பெரிதும் வேறுபடுகிறது. எத்தனை போத்தல், எந்த நாள் என்று அந்த எண் சொல்லாது. குருதிச்சோகை உள்ளவரின் குருதி வடிதாளில் அகலப் பரவும், வெட்டியெடுக்கும் வட்டத்திற் செங்குழியம் குறையும், எண்ணும் மாறும். குத்துமுன் விரலைத் துடைக்கும் மதுசாரப் பஞ்சினாற் கணக்குக் கெடாதிருக்கக் கவனம் வேண்டும் என்றும் ஆய்வுகூடத்தார் எச்சரிக்கின்றனர். வைத்தியர் ஒருவர் நோயாளியின் முகத்தைப் பார்த்து, பேசி, மறுபடியும் சோதித்துப் பொருள்கொள்ள வேண்டிய எண் இது. பணப் பட்டியலில் ஒரு பெயரை வெட்டுவதற்கு வைத்திருக்கும் கத்தியன்று.

அதைவிட முக்கியம், அந்த எண் காரணம் சொல்லாது. 1990இல் இந்தக் கரையோர மக்கள் உடுத்த உடையோடு வெளியேறினார்கள். அதே ஆண்டில் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையும் மூடப்பட்டது. அதனோடு நிலையான சம்பளமும் போயிற்று. இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் முகாமிலும் உறவினர் வளவிலும் கழித்துத் திரும்பியவர்கள் கண்டது கூரையில்லாச் சுவரும் பற்றைக்காடும். சிலருக்கு அதுவும் கிட்டவில்லை. எம் மாணவனின் தகப்பன் அப்படித் திரும்பி வந்தவர்களில் ஒருவர். அவருடைய குருதியில் 200க்கு மேல் என்று எழுதி வரலாம். அதில் எத்தனை நானோகிராம் முகாமுக்கு உரியது, எத்தனை வேலையின்மைக்கு உரியது, எத்தனை சந்திக்குச் சந்தி முளைத்த மதுச்சாலைக்கு உரியது என்று பிரித்துத் தரும் மானியை இன்னும் எவரும் கண்டுபிடிக்கவில்லை.

மதுச்சாலைகள் தாமாக முளைக்கவில்லை. 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தை வெள்ளையன் எழுதியதே வருமானத்துக்காகத்தான். அண்மைய ஆண்டுகளில் மதுவரித் திணைக்களம் ஆண்டுதோறும் 10,000 கோடி ரூபாவுக்கு மேல் அரசுக்குத் திரட்டிக் கொடுத்து வருகிறது. மதுச்சாலை அனுமதிப்பத்திரங்கள் அரசியற் கைம்மாறாக வழங்கப்பட்டன என்ற குற்றச்சாட்டு எழுந்து, அவற்றின் பட்டியல் 2024 டிசெம்பரிற் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. ஒரு கையால் விற்பனைக்கு உத்தரவு கொடுத்து, மறு கையால் வாங்கியவனின் விரலைக் குத்துவதா? விற்றவனுக்கு உத்தரவுப் பத்திரம், குடித்தவனுக்குக் குற்றப் பத்திரமா?

நாம் வீணே மிரள்கிறோம் என்பார்க்கு வெளியுலகின் அனுபவத்தைக் காட்டுவோம். அமெரிக்காவின் சார்ள்ஸ்ரன் நகரத்து அரச வைத்தியசாலையொன்று, கர்ப்பிணிகளுக்குத் தெரியாமலே அவர்களின் சிறுநீரிற் போதைப்பொருளைச் சோதித்து, முடிவைப் பொலிசாரிடம் கொடுத்தது. கைதானவர்களிற் பெரும்பாலோர் ஏழைக் கறுப்பினப் பெண்கள். சம்மதமின்றி அப்படிச் செய்தது அரசியலமைப்புக்கு முரண் என்று 2001இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2011இல் புளோரிடா மாநிலம் நம் உத்தியோகத்தர் சொன்னதையே சட்டமாக்கிற்று: உதவிப் பணம் வேண்டுமா, போதைச் சோதனைக்கு வா! சோதிக்கப்பட்டோர் 4,086 பேர். தேறாதவர்கள் 108 பேர். நூற்றுக்கு மூவர்கூட இல்லை. ஏழையென்றாற் போதைக்காரன் என்ற கணக்குப் பொய்த்தது. நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தள்ளியது. ரெக்சாஸ் மாநிலத்திலோ, பிறந்த குழந்தைகளின் வடிதாள் பொட்டுகளைப் பெற்றோரைக் கேளாமற் சேமித்து வேறு ஆய்வுகளுக்கும் கொடுத்து வந்தது அம்பலமாகி, 2009இல் வழக்கு எழுந்து, 50 இலட்சத்துக்கு மேற்பட்ட பொட்டுகளை அழிக்க நேர்ந்தது. மதுவுக்காக எடுத்த பொட்டில் மனிதனின் பரம்பரை இரகசியமும் நோயின் இரகசியமும் சேர்ந்தே உலர்ந்து கிடக்கின்றன என்பதை மறவாதீர்கள். முப்பது ஆண்டுகளாகப் பட்டியல்களுக்கும் பதிவுகளுக்கும் அஞ்சி வாழ்ந்த ஒரு மக்களிடம், உன் குருதியையும் பதிவுக்குத் தா என்று கேட்பது சிறு காரியமா?

இங்கே எம்மை மடக்கும் கேள்வியொன்று உண்டு. கூட்டம் முடிந்து வரும்போது சக ஆசிரியை ஒருவர் கேட்டார்: "நீங்கள் தகப்பனின் உரிமையைப் பேசுகிறீர்கள். சேற்றுக்குள் போன புத்தகப் பைக்கு உரிமை இல்லையா? அடி வாங்குகிற தாய்க்கு யார் பேசுவது?" இந்தக் கேள்வியை நாம் தட்டிக்கழிக்க மாட்டோம். முப்பத்தாறு "இல்லை"களையும் பார்த்துக்கொண்டு வாளாவிருப்பது முற்போக்கு ஆகாது. அடிப்பவனைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் அதற்கானதே. அடித்தது குற்றம் என்று நிறுவக் குருதிப் பொட்டுத் தேவையில்லை. தாயின் கன்னமே போதும். ஆனால் உதவிப் பணத்தை வெட்டினால் முதலிற் பட்டினி கிடப்பவர்கள் யார்? அந்தத் தாயும் பிள்ளைகளுமல்லவா? தகப்பன் கள்ளுக்குக் கடன் சொல்லுவான். பிள்ளையின் சோற்றுக்கு எவரும் கடன் கொடார். கசிப்பு வடிப்பவனின் கொட்டிலுக்குள் அவன் மறைவான். வைத்தியரின் வாசலுக்கு ஒருகாலும் வரமாட்டான்.

அவன் வரவேண்டிய வாசல் எமக்கு அண்மையிலேயே இருக்கிறது. தெல்லிப்பழை வைத்தியசாலையின் உளநலப் பிரிவு, போர் நடந்த ஆண்டுகளிலும் இம்மக்களின் மனக்காயங்களுக்கு மருந்திட்ட இடம். குடியை நோயாகப் பார்க்கும் அறிவு அங்கே உண்டு. அந்த வாசலைத் தாண்டி வந்த ஒருவனிடம் வைத்தியர், "தம்பி, போன மாதம் உன் எண் இவ்வளவு, இந்த மாதம் பாதியாய்க் குறைந்திருக்கிறது" என்று சொல்லும்போது, அதே குருதிப் பொட்டு அவனுக்குத் துணையாகிறது. சொல்லை எவரும் நம்பாத குடும்பத்தில், நான் விட்டுவிட்டேன் என்பதற்கு அவன் கையிலுள்ள ஒரே சான்றும் அதுவாகலாம். எண் அதே எண். கிராம அலுவலரின் கோப்புக்குள் போனால் தண்டனை. நோயாளியின் கையிற் கிடைத்தால் நம்பிக்கை.

ஆகவே நாம் கோருவது இவை. குடியின் அளவை அறிய வேண்டுமா, பெயரும் அடையாள இலக்கமும் இன்றிப் பொட்டுகளைச் சேகரியுங்கள். சீவற்தொழிலாளியிடம் மட்டுமன்றி, உத்தியோகத்தரிடமும் வியாபாரியிடமும் ஆசிரியரிடமும் சேகரியுங்கள். எமது விரல்கள் முதலில் வரும். புதிய மதுச்சாலை திறப்பதற்கு முன் ஒருமுறையும், திறந்து ஓராண்டின் பின் மறுமுறையும் அந்த ஊரின் மொத்தக் கணக்கை எடுத்து மக்கள் முன் வையுங்கள். அப்போது கூண்டில் ஏற வேண்டியவர் அனுமதி கொடுத்தவரே என்பது தெரியவரும். தனியாளின் சோதனை வைத்தியருக்கும் நோயாளிக்கும் இடையிலேயே நிற்கட்டும், சம்மதம் வாங்கப்படட்டும், உதவிப் பணத்தோடும் வேலையோடும் அது முடிச்சுப் போடப்படக் கூடாது. அளந்து முடிந்த காகிதம் அழிக்கப்பட வேண்டும். இவற்றை எழுத்திலே தராமல், எந்தப் பாடசாலையிலும் எந்தச் சனசமூக நிலையத்திலும் வடிதாளைப் பிரிக்க நாம் இடங்கொடோம்.

ஆசிரியத் தோழர்களே, மாணவர்களே! நாளை உங்கள் ஊர்க் கூட்டத்திலும் இந்த யோசனை எழலாம். இனிமையான தமிழில், நல்ல நோக்கத்தோடு, கைதட்டலோடு எழலாம். அப்போது எழுந்து நின்று, "முதல் விரல் யாருடையது?" என்று கேளுங்கள். மேடையிலிருப்பவர்கள் தங்கள் கையை நீட்டினால் மேற்கொண்டு பேசுவோம்.

அந்தப் பையனுக்கு வேறு புத்தகப் பை வாங்கிக் கொடுத்தோம். இவ்வாண்டும் அதே படிவம் வந்தது. அந்த வினாவுக்கு நேரே அவன் இம்முறை எதையும் எழுதவில்லை. வெறுமையாக விட்டுக் கொடுத்தான். நாமும் அதை நிரப்பாமலே அனுப்பினோம்.